பார்வையற்றோர் சங்கத்தோட ஆண்டறிக்கை: கழுத்துல மாட்டின போன்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். செயற்குழு மாசாமாசம் கூடுச்சு, வரவு செலவு கணக்க பொருளாளர் தனியா வாசிப்பார்.

இந்த வருஷம் நம்ம நேரம் முக்கால்வாசி ஆக்மென்டட் ரியாலிட்டி பயிற்சிக்கே போச்சு, அதாவது கேமரா பாக்கற நிஜக் காட்சியோட கூடுதல் தகவல சேத்துக் குடுக்கற தொழில்நுட்பம். முதல் நாளே ஒரு அண்ணன், "பார்வை இல்லாதவங்களுக்கு எதுக்குப்பா திரையில படம்?"னு கேட்டார், நியாயமான கேள்விதான். நமக்கு அது படமே இல்ல, குரல். போன் கேமரா எதிர்ல இருக்கறத பாத்து கதவு, நாற்காலி, ஆள்னு காதுல சொல்லும், எழுத்த காட்டினா வாசிச்சும் காட்டும்.

வெள்ளைத்தடி தரையத்தான் சொல்லும், தலை உயரத்துல தொறந்து கெடக்கற ஜன்னல் கதவு நெத்தியில இடிச்சப்புறம்தான் தெரியும், இங்க நெத்தியில தழும்பு இல்லாதவங்க கம்மி. பயிற்சி அன்னைக்கு ஒரு அக்கா போன கழுத்துல தொங்கவிட்டு வராந்தாவுல நடந்தாங்க, "ஜன்னல்"னு குரல் வந்ததும் நின்னு கைய நீட்டி அந்தக் கதவோட ஓரத்த தடவிப் பாத்தாங்க, ரெண்டு மூணு தடவ தடவினாங்க. திரும்பி வரும்போது கண்ணாடிக் கதவு, அத கேமரா சொல்லவே இல்ல, தடிதான் தட்டி நிறுத்துச்சு. அதனால தடிய யாரும் விட்டுடாதீங்க. ரெண்டு காதையும் இயர்போனால அடைக்காதீங்க, வண்டிச் சத்தம் கேக்கணும்.

எனக்கு பெரிய ஆதங்கம் ஒண்ணு இருக்கு. உலகத்துல பார்வைக் குறைபாடு உள்ளவங்க குறைஞ்சது 220 கோடி பேர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தூரப்பார்வைக் குறைபாடு பணக்கார நாடுகள விட ஏழை, நடுத்தர நாடுகள்ல நாலு மடங்குன்னும் சொல்லுது. ஆனா கேமரா பாக்கறத குரல்ல சொல்ற மைக்ரோசாஃப்டோட சீயிங் ஏஐ செயலி 2017ல ஐபோனுக்கு வந்துச்சு, ஆண்ட்ராய்டுக்கு வர 2023 டிசம்பர் ஆச்சு. தூரத்த அளக்கற லைடார்ங்கற சென்சார் விலை ஒசந்த போன்லதான் இருக்கு. திசைய ஒலியாவே காட்டின மைக்ரோசாஃப்டோட சவுண்ட்ஸ்கேப் செயலி 2018ல வந்து 2023ல நிறுத்திட்டாங்க, நல்லவேளை அதோட புரோகிராம் கோட எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க, அத வச்சு மத்தவங்க தொடர முடியுது. நமக்கு வேண்டியது சாதா போன்ல, நெட் இல்லாம, தாய்மொழியில பேசற ஒண்ணு, செய்யறவங்க கிட்ட இத எழுதிக் கேக்கணும்னு செயற்குழு முடிவு பண்ணியிருக்கு.

அடுத்த பயிற்சிக்கு போன் பத்தல. வீட்ல பழைய ஆண்ட்ராய்ட் சும்மா கெடந்தா குடுங்க, திரையில கீறல் இருந்தாலும் பரவால்ல, டச்சும் கேமராவும் ஸ்பீக்கரும் வேலை செஞ்சா போதும்.

இப்படிக்கு,
செயலாளர்