வியாழக்கிழமைக்கு முன்பே ஒரு நன்றி

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த் உறவுகளுக்கு வணக்கம்.

வரும் வியாழக்கிழமை எனக்கு பீட்டா ரத்தப் பரிசோதனை; கர்ப்பமா இல்லையா என்று அதில் தெரியும். ஐ.வி.எஃப் முறையில், லேபில் உருவாக்கிய கருவை நான்காவது முறையாகக் கருப்பைக்குள் வைத்து அன்றோடு பதினோரு நாள். முடிவு தெரிந்த பிறகு எழுதலாமே என்றார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் செய்ததெல்லாம் செய்தாகிவிட்டது. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அது மாறாது.

முதல் மூன்று முறையும் லேபில் ஐந்து நாள் வளர்த்த கரு, பார்வைக்கு நல்ல கிரேடு. ஒன்றும் ஒட்டவில்லை. அப்போது பார்த்த இடத்தில் 'இன்னொரு முறை முயலலாம்' என்பதற்கு மேல் பேச்சில்லை. படி ஏறினேனா, பப்பாளி தின்றேனா என்று என்னையே குடைந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் பார்த்த டாக்டரம்மா, என் பழைய ஸ்கேன் படங்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது கருக்குழாய் அடைபட்டு நீர் கோத்திருக்கிறது, அந்த நீர் கருப்பைக்குள் கசிவதால் கரு ஒட்டாமல் போகலாம் என்று தாளில் வரைந்து காட்டினார். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சையில், அந்தக் குழாயை எடுத்தார்கள். கருவின் குரோமோசோமில் கோளாறு இருந்தாலும் ஒட்டாமல் போகலாம், நல்ல கிரேடு என்பதை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. நடந்ததாலோ படி ஏறியதாலோ எதுவும் கெடவில்லை என்றார். அன்று காரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

லேப் தம்பிக்கும் நன்றி. லோட்ஷெடிங் என்று கரண்டை நிறுத்திய இரவொன்றில், உறைய வைத்த கருவுக்கு என்ன ஆகுமோ என்று பதறிப்போய் போன் செய்தேன். கரு இருப்பது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில்; அந்தத் தொட்டிக்குக் கரண்டே வேண்டாம், நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பொறுமையாகச் சொன்னார்.

எங்கள் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) இதற்கு ஒரு ராண்டுகூடத் தரவில்லை. முதல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்த அக்காமாரே, அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டியது அதில்தான்.

பக்கத்து வீட்டு அத்தை, உங்களுக்கு என்ன சொல்ல? நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்றவர், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துவிடுவீர்கள். கரு ஒட்டி நிற்க உதவும் புரோஜெஸ்டிரோன் ஊசி எண்ணெய் மருந்து, கெட்டியாக இருக்கும். குப்பியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டிச் சூடாக்கிய பிறகே ஊசியில் ஏற்றுவீர்கள். குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டே ரசத்துக்குப் புளி கரைத்தாயா என்று கேட்பீர்கள். ஒருநாளும் 'விசேஷம் உண்டா' என்று கேட்டதில்லை.

உங்கள் மருமகள் வளைகாப்பில் நான் பின்வரிசையில் ஒதுங்கி நின்றேன். கையைப் பிடித்து இழுத்துவந்து, முதல் வளையலை என்னைப் போடச் சொன்னீர்கள். பச்சைக் கண்ணாடி வளையல். என் விரல் நடுங்கியதை அவளும் பார்த்தாள்.

வியாழக்கிழமை மட்டும் யாரும் போன் செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை எதுவானாலும் நானே கோவிலுக்கு வருவேன். அத்தை, திரும்பும்போது உங்கள் வீட்டில் டீ.