பார்பிக்யூ மசாலாப் பெட்டிக்குப் பழைய பேலட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கோடைக்கால பார்பிக்யூ பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். வீட்டில் கலந்து வைக்கும் மசாலாக்களை அடுப்புக்கும் சமையலறைக்கும் தூக்கிப்போக, பழைய பேலட் (சரக்கை அடுக்கித் தூக்க அடியில் வைக்கும் மரத்தட்டு) பலகையில் கைப்பிடி வைத்த மரப்பெட்டி செய்துகொள்ளலாம் என்று கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. பெட்டி செய்வது நல்ல யோசனை. ஆனால் பேலட் பலகை என்று படித்ததும் கவலையாகிவிட்டது. டெக்சாஸில் வசிக்கிறேன், ஓய்வு நேரத்தில் மரவேலை செய்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேலட் சரக்குடன் நாடு விட்டு நாடு போகும். மரத்தோடு பூச்சியும் போய்விடக் கூடாது என்பதற்காக அதைச் சூடேற்றுவார்கள், அல்லது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்து எடுப்பார்கள். எது நடந்தது என்பதற்குப் பலகையிலேயே முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் எச்.டி. (HT) என்றால் சூடேற்றியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு, அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். சரி, எச்.டி. பலகையை எடுக்கலாமா? அதன் மேல் முன்பு பூச்சிமருந்து கொட்டியதா, எண்ணெய் கொட்டியதா என்று எந்த முத்திரையும் சொல்லாது. பூந்தொட்டி வைக்க அந்தப் பலகை போதும், மசாலாவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

இதைவிட ஆபத்தானது, பழைய வீட்டு மரத் திண்ணைகளிலும் மரவேலிகளிலும் இருந்து கழற்றிய பலகை. அமெரிக்காவில் 2003 முடியும் வரை, வீட்டு உபயோகத்துக்கான மரம் அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்தை அழுத்தி ஏற்றி விற்றார்கள். அந்தப் பலகையை அறுத்தால் தூளிலும் ஆர்சனிக், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக். மிச்சத் துண்டுகளை பார்பிக்யூ அடுப்பில் போட்டுவிடாதீர்கள் என்று தயவுசெய்து வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

நான்கைந்து புட்டி கொள்ளும் பெட்டிக்குக் கடையில் புதிதாக வாங்கும் ஒரே ஒரு பைன் பலகை போதும், பெரிய செலவில்லை. இங்கே 1×4 என்று விற்கும் பலகை உண்மையில் முக்கால் அங்குலக் கனமும் மூன்றரை அங்குல அகலமும்தான் இருக்கும். பெயரை நம்பிக் கணக்குப் போட்டு அறுத்தால் பெட்டி பொருந்தாது. புட்டியைப் பக்கத்தில் வைத்து அளந்து, சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விடுங்கள். ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், அப்போது புட்டி சிக்கிக்கொள்ளும். மேப்பிள், பாப்லர் மரங்களும் நல்லவை. செடார் பார்க்க அழகு, ஆனால் அதன் வாசம் மூடிய பெட்டிக்குள் தங்கிவிடும். ஓக்கில் செய்கிறவர்கள் சாதாரண இரும்புத் திருகாணியைத் தவிர்க்க வேண்டும். ஈரம் பட்டால் ஓக்கில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருப்புக் கறை படிந்துவிடும்.

உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த பிறகு, உணவுத் தரமான மினரல் ஆயிலும் தேன்மெழுகும் கலந்து பூசினால் போதும். அந்த எண்ணெய் இங்கே மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சமையல் எண்ணெய் பூசினால் நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடக் கூடாது. காயும்போது உண்டாகும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

நம் வீட்டு மர அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் நேராக மரத்தின் மேலேயே கிடந்ததே என்று கேட்கலாம். அவை காய்ந்த முழு விதைகள். பார்பிக்யூ மசாலா அப்படியில்லை. லாக்ஹார்ட் போன்ற மத்திய டெக்சாஸ் ஊர்களில் பிரிஸ்கெட்டுக்கு (மாட்டின் நெஞ்சுப்பகுதி இறைச்சி) உப்பும் ஒன்றிரண்டாக உடைத்த மிளகும்தான் பிரதானம். கான்சஸ் சிட்டி பக்கம் போனால் பழுப்புச் சர்க்கரையும் பாப்ரிகா என்ற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடியும் சேரும். உப்பும் சர்க்கரையும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும், மரத்துக்குள்ளும் இறங்கும். அதனால் மசாலா கண்ணாடிப் புட்டியில் இறுக மூடியிருக்கட்டும், மரம் அதைத் தூக்கிப்போக மட்டும் போதும். உப்பு அதிகமுள்ள கலவைக்குத் தகர மூடி போட்டால் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடி நல்லது. வெயில் பட்டால் பாப்ரிகா நிறமும் மணமும் இழக்கும் என்பதால் பெட்டிக்கு மேல்மூடி இருந்தால் சிறப்பு. அடுப்பின் பக்கத்துப் பலகையிலேயே பெட்டியை வைத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தச் சூட்டில் எவ்வளவு நல்ல மசாலாவும் மணம் போய்விடும்.

பெட்டியில் ஒரு சின்னக் கிண்ணத்துக்கும் கரண்டிக்கும் இடம் விடுங்கள் என்பேன். பச்சை இறைச்சியைத் தொட்ட கையைப் புட்டிக்குள் விட்டால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் மசாலாவில் சேர்ந்துவிடும், காய்ந்த பொடியிலும் அவை நாள்கணக்கில் உயிரோடிருக்கும். வேண்டிய அளவைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு தடவுவதும், மீந்ததைத் திரும்பப் புட்டியில் போடாமல் கொட்டிவிடுவதும்தான் பத்திரம்.

இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்துபார்க்கப் பல வாசகர்கள் ஆசைப்பட்டிருப்பார்கள். இடமில்லை என்றால் மற்றதை எல்லாம் வெட்டிவிடுங்கள். பேலட் முத்திரையையும் பழைய திண்ணைப் பலகையையும் பற்றிய இரண்டு பத்திகளை மட்டுமாவது அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சான் ஆன்டோனியோ, டெக்சாஸ்