எல்லா மெசேஜுக்கும் ஒரே ஸ்விட்ச் போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தரவை மெசேஜ்களாக, பைட்டுகளில் அடுக்கி அனுப்பவும் படிக்கவும் கூகுள் 2008-ல் திறமூலமாக வெளியிட்டது புரோட்டோபஃப் லைப்ரரி. அதில் ஒரு ஃபீல்டுக்கு (மெசேஜின் ஒரு தரவுப் புலம்) 'லேசி = ட்ரூ' என்று எழுதினால், அதிலுள்ள சப்-மெசேஜை (மெசேஜுக்குள் மெசேஜ்) வந்தவுடன் பிரித்துப் படிக்க வேண்டாம் என்று லைப்ரரிக்குக் குறிப்புக் கொடுக்கிறோம். லைப்ரரி அதை ஏற்றால், சப்-மெசேஜ் பைட்டுகளாகவே கிடந்து, முதன்முதலில் கேட்கும்போதுதான் பிரியும். ஒவ்வொரு ஃபீல்டாக எழுதுவானேன், புரோகிராம் முழுமைக்கும் ஒரே ஸ்விட்ச் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதை எழுத உட்காரும் இளம் பொறியாளர்களுக்காக இக்கடிதம்.

லாபம் எங்கே என்பது பைட்டுகளிலேயே தெரியும். 3-ஆம் ஃபீல்டில் 300 பைட் சப்-மெசேஜ் வந்தால், அதன் முன்னால் 26, 172, 2 என்று மூன்று பைட்டுகள் நிற்கும். 26 என்பது ஃபீல்டு எண்ணும் வகையும் சேர்ந்தது (3 × 8 + 2). மற்ற இரண்டும் 300 என்ற நீளம். நீளம் கையில் இருப்பதால் உள்ளே பார்க்காமல் தாண்டிவிடலாம். மேலுறையை மட்டும் படித்து மெசேஜை அடுத்த இடத்துக்கு அனுப்பும் சர்வருக்கு இது நிஜமான மிச்சம். சப்-மெசேஜே 10, 20 பைட்தான் என்றாலோ, எப்படியும் எல்லாவற்றையும் படிக்கப்போகிறோம் என்றாலோ, ஒத்திவைக்கும் வேலை கூடுதல் சுமை மட்டுமே.

பிழை எங்கே வெளிப்படும் என்பதில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல் 15 பைட். ஏதோ ஒரு நிரல் அதை 10 பைட்டில் வெட்டினால் 'தமி' வரை சரியாக இருக்கும். 'ழ'வின் முதல் பைட் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். யூடிஎஃப்-8 சோதனையோடு உடனே பிரித்தால் பார்ஸ் (பிரித்துப் படிக்கும் வேலை) தோற்று, வாசலிலேயே பிடிபடும். வெறும் நீளத்தை நம்பித் தாண்டினால், பின்னால் எங்கோ ஒரு கெட்டர் (ஃபீல்டின் மதிப்பை எடுத்துத் தரும் ஃபங்ஷன்) அழைப்பில் வெடிக்கும். சி++ கெட்டருக்குப் பிழையைத் திருப்பிச் சொல்ல வழியே கிடையாது. இதனால்தான் அங்கே 'லேசி' என்றாலும் பைட்டுகளின் அமைப்பு முன்கூட்டியே சரிபார்க்கப்படுகிறது; சரிபார்க்காத வகைக்கு 'அன்வெரிஃபைடு லேசி' என்று தனிப் பெயர். பொது ஸ்விட்ச் முதல் வகையை மட்டுமே இயக்க வேண்டும். யூடிஎஃப்-8 சோதனையும் அதில் சேர வேண்டும்.

கெட்டர் இனி வெறும் வாசிப்பு அல்ல, உள்ளுக்குள் எழுதுகிறது. இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் கேட்டால் இருவரும் பிரிப்பார்கள். ஒருவர் முடிவை அணு முறையில் (அட்டாமிக், அதாவது இடையில் யாரும் குறுக்கிட முடியாதபடி) பதித்து, மற்றவரது நகலைக் கைவிட வேண்டும். பைட்டுகளை நகலெடுக்காமல் அவை வந்திறங்கிய மூல பஃபரையே (நினைவகப் பகுதி) சுட்டினால், கேஷில் வைத்த ஒரு சின்ன மெசேஜுக்காக 10 எம்பி பஃபர் விடுபடாமல் கிடக்கும்.

ஸ்விட்சை புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) முழுமைக்குமான குளோபல் மாறியாக வைக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அதே புராசஸில் இணைந்திருக்கும் வேறொருவர் லைப்ரரியும் அவர் அறியாமலே மாறிப்போகும். பார்ஸ் அழைப்பின் ஆப்ஷன்களில் வையுங்கள், தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும். கோ மொழியில் லேசி குறித்த ஃபீல்டுகளுக்குக்கூட, வேண்டாம் என்று அழைப்புக்கு அழைப்பு சொல்ல 'நோலேசிடிகோடிங்' இருக்கிறது.

டெஸ்ட்களை ஸ்விட்ச் போட்டும் அணைத்தும் இருமுறை ஓட்டுங்கள். ஒரே சப்-மெசேஜ் ஃபீல்டு இருமுறை வரும் உள்ளீடு அதில் கட்டாயம் இருக்கட்டும். விதிப்படி இரண்டும் ஒன்றாக இணைய வேண்டும். கடைசித் துண்டை மட்டும் சேமித்து வைத்தால் முதல் துண்டின் தரவு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்கள் இருவர்