பஸ் இல்லண்ணா, மோட்டார்ஹோம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதின லெட்டர் வந்துச்சு, கூடவே நம்ம காட்டோட வில்லங்க சர்டிபிகேட் ஜெராக்ஸும் இருந்துச்சு. ரொம்ப நாளா நான் எழுதவே இல்ல, போன்ல பேசினாலும் ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு வெச்சிட்றேன், அம்மாவை மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் நல்லா இருக்கேன். இங்க கனடால வேலையும் நல்லாத்தான் போகுது, இப்ப ஷிப்ட் கொஞ்சம் கம்மி பண்ணிருக்காங்க, அதனால தூங்க நேரம் கெடைக்குது.

மாமா என்ன சொன்னாரோ, நீ பஸ் வாங்கப் போறியாடான்னு கேட்டிருக்கீங்க. பஸ் இல்லண்ணா, மோட்டார்ஹோம். உள்ளயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும். இதுல ஃபோர்டு கம்பெனி முன்னாடி கேபினும் சேசிஸும் மட்டும்தான் குடுக்குது, பின்னாடி வீட்டை வேற கம்பெனிக்காரன் கட்டறான். ஓசூர்லேந்து மொட்டை சேசிஸ் வந்து நம்ம ஷெட்டுல பாடி கட்டறோமே, அதே கதைதான். நான் பாத்த வண்டி 2004 மாடல், ஈ-450 சேசிஸ், 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு மூணரை கிலோமீட்டர் குடுத்தா பெருசு. ஆனா தினம் ஓட்டவா போறேன், லீவுல நயாகரா பக்கம், ஏரிக்கரை பக்கம் போய்ட்டு வரலாம்னு ஒரு ஆசை.

பக்கத்து வீட்டு போலந்து தாத்தாதான் கூட வந்தாரு. லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவரு, யார் கிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு, ஆனா பனி விழுந்தா எனக்கு முன்னாடி எழுந்து என் வாசலையும் சேத்து தள்ளி விட்ருவாரு. கம்பு மாதிரியே ரை-ன்னு ஒரு தானியம், அந்த மாவை புளிக்க வெச்சு சூப் ஒண்ணு வைக்கறாரு. மொத வாய் வெச்சதும் அம்மா கரைக்கற கம்மங்கூழ் புளிப்பு அப்படியே நாக்குல வந்து நின்னுச்சு, எனக்கு பேச்சே வரல, அவரு காரமா இருக்கான்னு கேட்டுட்டு தண்ணி எடுத்து வெச்சாரு.

வண்டி பிரான்ட்ஃபர்டு பக்கத்துல ஒரு பண்ணையில நிக்குது. விக்கறவரு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டு சத்தத்தை கேளுங்கன்னு சொன்னாரு. தாத்தா அதை கண்டுக்கவே இல்ல, வண்டி பக்கவாட்டுல கன்னத்தை ஒட்டி வெச்சு வெயில் சாய்வா விழற பக்கம் ஒத்தக்கண்ணால பாத்தாரு. நீங்க டிங்கரிங் முடிஞ்சதும் பாப்பீங்களே, அதே நிப்பு. ஏன்னா இந்த வண்டி பாடில நம்ம மாதிரி இரும்பு ட்யூப் ஃபிரேம்ல தகடு அடிக்கறதில்ல. நெறைய பழைய வண்டில மரச்சட்டம், நடுவுல தெர்மாகோல், அதுக்கு மேல மெல்லிசு பிளைவுட், மேல ஃபைபர் ஷீட், எல்லாம் பசை போட்டு ஒட்டினதுதான். தண்ணி உள்ள எறங்கிருச்சுன்னா பிளைவுட் ஊறி பசை விட்டு ஷீட் உப்பிக்கும். எஞ்சின் போனா வேற போட்டுக்கலாம், சுவத்துல ஓதம் அடிச்சா வண்டியே போச்சு. எல்லாரும் எஞ்சினை பாத்து வாங்கறாங்க, கூரையை பாத்து வாங்கணும்ணா, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

கூரை மேல ரப்பர் ஷீட். ஏணில ஏறி பாத்தேன், வெண்டிலேட்டரை சுத்தி வெச்ச பசையெல்லாம் வெடிச்சு கெடக்கு. உள்ள வந்தா வாசனை ஸ்பிரே அடிச்சு வெச்சிருந்தாங்க, அதுக்கு அடியில பூஞ்சை வாடை. டிரைவர் தலைக்கு மேல முன்னாடி நீட்டிக்கிட்டு ஒரு படுக்கை இருக்கு, அங்கதான் மொதல்ல ஒழுகுமாம். மெத்தையை தூக்கி மூலையில கை வெச்சேன், இடது மூலை பொதபொதன்னு உள்ள போச்சு. ஈரம் பாக்கற மீட்டர் ரெண்டு ஊசியோட வருது, மரத்துல குத்தினா எவ்ளோ ஈரம்னு சொல்லும். 20 சதவீதத்துக்கு மேல போனா மரம் இத்துப்போகும்னு தாத்தா சொன்னாரு. அந்த மூலையில 31 காட்டுச்சு, ஒரு முழம் தள்ளி வெச்சா 14. அப்ப சேதம் அந்த மூலையோட நிக்குதுன்னு எனக்கு தோணுது. நீங்க சொல்லுங்க.

டயர் ஆறு, பின்னாடி ரெட்டை. பட்டன் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு, ஆனா ஓரத்துல கடைசி நாலு நம்பர் 0913-ன்னு போட்டிருக்கு, அதாவது 2013-ல ஒம்பதாவது வாரம் செஞ்சது. ஓடாம நின்ன வண்டி டயர் தேய்றதுக்கு முன்னாடியே காஞ்சு வெடிச்சிரும், ஆறையும் மாத்தித்தான் ஆகணும், அதை வெலையில கழிக்கணும்னு சொல்லிட்டேன்.

பிரிட்ஜ்ல கம்ப்ரஸரே கிடையாதுண்ணா, நம்ப மாட்டீங்க. கேஸ் பத்த வெச்சா அந்த சூட்டுல அம்மோனியா ஓடி கூல் ஆகுது. கூல் ஆக ஒரு ராத்திரி பிடிக்கும், அதனால மொத நாளே ஆன் பண்ணி வைக்க சொல்லி போன்ல சொல்லிருந்தேன், போனப்ப பிரீசர்ல ஐஸ் இருந்துச்சு. பின்னாடி மஞ்சக் கறையும் இல்ல, அம்மோனியா நாத்தமும் இல்ல, அது நல்ல பிரிட்ஜ். அப்புறம் தண்ணி. இங்க குளிர்ல பைப்புல தண்ணி நின்னா உறைஞ்சு வெடிச்சிரும், அதனால பனிக்காலத்துக்கு முன்னாடி தண்ணியை வடிச்சுட்டு ரோஸ் கலர்ல ஒரு மருந்தை ஓட விடுவாங்க. ஒழுங்கா செஞ்சாங்களான்னு தெரிய டேங்க்ல தண்ணி ஊத்தி பம்ப்பை போட்டோம், எல்லா குழாயையும் மூடினதும் பம்ப் நிக்கணும். நின்னுச்சு, தாத்தா சின்க்குக்கு கீழ டிஷ்யூ பேப்பரை விரிச்சு வெச்சுட்டு காத்திருந்தாரு, ஒரு சொட்டு இல்ல.

ஹீட்டரும் வேலை செய்யுது. பனிக்காலத்துல இதுலயே ராத்திரி தங்கினா எவ்ளோ கேஸ் ஆகும்னு கேட்டேன், சும்மா தெரிஞ்சு வெச்சுக்கத்தான். அடியில சுத்தியும் ஃபோம் போர்டு கட்டி காத்து போகாம மறைச்சா தாங்கும்னு தாத்தா சொன்னாரு. நான் இருக்கற பேஸ்மென்ட் வீட்டை ஓனர் விக்கறதா பேச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அம்மா கிட்ட அதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

இங்கயும் வண்டிக்கு வில்லங்கம் பாக்கணும். 20 டாலருக்கு கவர்மென்ட்ல ஒரு பேக்கேஜ் தராங்க, பழைய ஓனர்கள், கடன் பாக்கி எல்லாம் அதுல வந்துரும், விக்கறவருதான் வாங்கி குடுக்கணும். இதுல கடன் எதுவும் இல்ல. சேப்டி சர்டிபிகேட்னு ஒண்ணு உண்டு, 36 நாள்தான் செல்லும், பிரேக், ஸ்டியரிங், லைட் பாப்பாங்க, கூரை ஒழுகறதை யாரும் பாக்க மாட்டாங்க. 24,000 டாலர் சொல்றாரு. அவ்ளோ குடுக்க மாட்டேன்.

அந்த இடது மூலை போட்டோ பாப்பா போனுக்கு அனுப்பறேன். சட்டம் ரெண்டும் இத்துருக்கு. புதுசா மரம் வெக்கறதா, இல்ல அலுமினிய ஆங்கிள் வெச்சு ரிவெட் அடிக்கறதா? ஃபைபரை கிழிக்காம உள்பக்கமாவே திறந்து செய்ய முடியுமா? இங்க கடையில குடுத்தா கூலி தாங்காது, நானே செய்யப்போறேன். நீங்க ஒரு நாள் பக்கத்துல நின்னா போதும்ணா. ஷெட்டுல புது பிளைவுட் அறுத்த வாசத்துல நான் டீ வாங்கிட்டு வந்து நிப்பேன், நீங்க வாயில ஸ்க்ரூவை வெச்சுக்கிட்டே சைகை காட்டுவீங்க. இப்ப வைகாசி வருது, மாரியம்மன் கம்பம் ஆத்துக்கு போறப்ப அமராவதி பாலத்துக்கிட்ட நம்ம எல்லாரும் நிப்போமே, யார் யார் நிக்கறீங்கன்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, நான் இங்க எத்தனை மணியா இருந்தாலும் பாப்பேன்.

சரி, காடு விக்கற விஷயம். பவர் எழுதி குடுக்க டொரண்டோ கான்சுலேட்ல நானே போய் கையெழுத்து போட்டு அட்டெஸ்ட் வாங்கணும். அந்த பத்திரம் உங்க கைக்கு வந்த நாள்லேந்து மூணு மாசத்துக்குள்ள அங்க ஸ்டாம்ப் பண்ணிரணும், இல்லன்னா செல்லாது. ஆனா அண்ணா, சித்தப்பா கேக்கற வெலைக்கு கெணத்து மேட்டுப் பக்கம் குடுக்காதீங்க. ரோட்டோர ரெண்டு ஏக்கரை மட்டும் பேசுங்க, கெணறு நம்ம கிட்ட இருக்கட்டும், அப்பா வெட்டினது. பெரியக்காவுக்கும் பங்கு உண்டு, அவங்க கிட்ட நேர்ல உக்காந்து சொல்லிட்டு அப்புறமா மத்தவங்க கிட்ட பேசுங்க, மச்சான் மூலமா தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்.

அம்மா கண் ஆபரேஷனை தள்ளிப் போடாதீங்க, அதுக்கு பணம் இந்த மாசமே அனுப்பறேன். பேங்க்ல இருக்கற வளையலை ஆடிக்குள்ள திருப்பிரலாம், அதுவரைக்கும் வட்டி மட்டும் கட்டிட்டு வாங்க. ஜாதகம் எதுவும் இப்ப பாக்க வேண்டாம், அடுத்த வருஷம் பேசலாம். பட்டா காப்பியில சர்வே நம்பரோட உட்பிரிவும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்க, உங்க ஆதார்ல இருக்கற மாதிரியே பேரும் இனிஷியலும் எழுதி அனுப்புங்க, கான்சுலேட் அப்பாயின்ட்மென்ட் போடறதுக்கு முன்னாடி எனக்கு அது வேணும்.

உங்க தம்பி