குறைத்த பிறகு வந்த விவாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளா! சந்தோஷம். எனக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வலி குறைந்திருக்கிறது.

கம்பெனி வரியைக் குறைத்தால் தொழில் வளரும், இதில் நாடாளுமன்றத்தில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். படுத்துக் கிடந்த நாட்களில் 2019-இல் நடந்ததை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். செப்டம்பர் 20 அன்றே அவசரச் சட்டம் வந்துவிட்டது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிக்கு வரி 22 சதவீதம், புதிதாக உற்பத்தி தொடங்குவோருக்கு 15. அன்று ஒரே நாளில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 1,900 புள்ளிக்கு மேல் ஏறியது. அந்த அவசரச் சட்டத்துக்குப் பதிலாக வந்த மசோதாவை மக்களவை நிறைவேற்றியது டிசம்பர் 2-ஆம் தேதி. பந்தி முடிந்த பிறகு சமையலைப் பற்றிக் கருத்துக் கேட்டது போலத்தான். மாநிலங்களவையின் நிலை அதைவிட மோசம். பண மசோதா என்பதால் பேசலாம், திருப்பி அனுப்பலாம், தடுக்க முடியாது.

எனக்கு மனசு ஆறாதது இதில்தான். அரசே சொன்ன வருவாய் இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. கம்பெனி வரி, மாநிலங்களோடு பங்கிடும் வரி. அப்போது அவர்கள் பங்கு 42 சதவீதம். அப்படியென்றால் அந்த இழப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மாநிலங்களின் தலையில். மாநிலங்களின் பெயரைத் தாங்கிய சபையாலேயே அதை நிறுத்த முடியவில்லை. வரியைக் குறைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை இழுக்கப் போட்டி இருந்தது உண்மை. ஆனால் யாருடைய பணம் குறைகிறதோ அவர்களிடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டாமா?

அப்புறம், உன் லேத் பட்டறை பார்ட்னர்ஷிப்தானே, கம்பெனி இல்லையே? நீயும் தம்பியும் ராத்திரி பதினொரு மணிவரை நின்று இரும்பைச் சீவிச் சம்பாதித்த லாபத்துக்கு 30 சதவீதம், வரியின் மேல் போடும் செஸ் சேர்த்தால் 31.2. குறைத்த வரியை எடுத்துக்கொண்ட பெரிய கம்பெனிக்கு சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்தே 25.17-தான். அந்தக் குறைப்பு உன் பட்டறை வாசலை மிதிக்கவே இல்லையடா. நீ அதற்காகப் பரிந்து பேசும்போது எனக்குத்தான் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. வரும்போது போன வருடம் தாக்கல் செய்த ரிட்டர்ன் நகலையும் எடுத்து வா, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்