முந்திரி ஓட்டைப் பிழியாமல் எரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைத்துச் சேரும் ஓட்டை எண்ணெய் எடுக்காமலே அடுப்புக்கும் சூளைக்கும் தள்ளிவிடும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. 100 கிலோ கொட்டையில் பருப்பு 22 முதல் 25 கிலோ, ஓடு ஏறக்குறைய 70 கிலோ. ஓட்டை ஒடித்துப் பார்த்தால் இரண்டு தோலுக்கும் நடுவே தேன்கூடு போல ஒரு பகுதி தெரியும். கருஞ்சிவப்பாகக் கசிகிற எண்ணெய் அதில்தான் இருக்கிறது. உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குவதும் அதுதான். பிரேக் லைனிங், பெயின்ட், எபாக்சி பூச்சு ஆகியவற்றுக்கு விலை கொடுத்து வாங்கப்படும் சரக்கு அது. பிழியாமல் எரித்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகையாகிறது, புகைபோக்கியில் தாராகப் படிகிறது.

ஆவியில் வேகவைத்து உடைத்த ஓட்டில் எண்ணெய் அப்படியே தங்கும். டிரம்மில் வறுத்த ஓட்டில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். இரண்டையும் கலந்து மூட்டை கட்டக்கூடாது. எண்ணெய் பிழியும் திருகு இயந்திரமான எக்ஸ்பெல்லரில் ஈர ஓடு வழுக்கும், பிழியாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, கல், ஆணி பொறுக்கிவிட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் திருகு தேயும். பருப்புத் துணுக்கு கலந்தாலும் எண்ணெயின் தரம் குறையும்.

பிழிந்ததைத் தெளியவிட்டு, வடிகட்டி, பிறகே காய்ச்ச வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சூடு ஏற ஏற ஈரமும், எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலத்திலிருந்து பிரியும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து நுரை பொங்கும். கொப்பரையில் பாதிக்கு மேல் ஊற்றினால் வழிந்து அடுப்பில் தீப்பிடிக்கும். அவசரப்பட்டு அதிகம் காய்ச்சினால் எண்ணெய் கோந்தாக இறுகிவிடும். அதற்குப் பிறகு யாரும் வாங்க மாட்டார்கள்.

பிழிந்த சக்கையை எரித்தால் புகை வெகுவாகக் குறையும், சூடும் போதுமானது. பிண்ணாக்கு என்றே பேச்சில் சொன்னாலும் மாட்டுக்கு வைக்கவே கூடாது. பருப்பின் மேல் செந்தோலில் துவர்ப்புச் சத்து அதிகம், தோல் பதனிடப் பயன்படும். பூசணம் பிடிக்காமல் உலர்த்திச் சேர்த்தால் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் உடைப்பவர்களால் தனியாக எக்ஸ்பெல்லர் வாங்க முடியாது. நாலைந்து ஊருக்கு ஒரு பொதுப் பிழிநிலையமும், எடை போட்டு அன்றே பணம் தரும் ஓடு கொள்முதலும் கடலூர் மாவட்ட நிர்வாகம் ஏற்படுத்தித் தர வேண்டும்.

முந்திரித் தொழிலில் உள்ளோர்,
பண்ருட்டி வட்டம்