அம்மா அனுப்பும் நாட்காட்டித் தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக் காசுதான் ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தங்கச்சியின் மகன் கேட்டான் என்று மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்பினேன். அவன் ஏ.எல். (உயர்தர) படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நாங்கள் அனுப்புவதெல்லாம் அப்படிப் போவதில்லை.

1995 ஒக்டோபரில், யுத்தத்தால், யாழ்ப்பாணத்தில் கோப்பாயிலிருந்து சாவகச்சேரிக்கு இடம்பெயர்ந்தோம். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. 1998இல் என்னை லண்டனுக்கு அனுப்ப அப்பா இரண்டு பரப்புத் தோட்டக் காணியை விற்றார். ஏஜென்சிக்காரருக்கு அதுவும் போதாமல், பெரியம்மா தன் தாலிக்கொடியை அடைவு வைத்தார். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்து நான் முதன்முதலில் உண்டியலில் (வங்கியில் போடாமல் ஆட்கள் மூலம்) அனுப்பியது அந்த வட்டிக் காசுதான். கொடியை மீட்க 2002 ஆகிவிட்டது.

அப்புறமும் ஏன் அனுப்புகிறீர்கள் என்று இங்கே பிறந்த என் மகன் கேட்பான். அம்மா மாதக் கணக்கை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். நான் கணக்குக் கேட்டதே இல்லை. போன மாதத் தாளில் சீனி வருத்தத்துக்கு மருந்து, கரண்ட் பில், பேத்தியின் டியூஷன், கடைசியில் பென்சிலால் ‘பக்கத்து வீட்டு அந்தியேட்டி 2,000’ (செத்தவருக்குச் செய்யும் கிரியைக்குக் கொடுத்த காசு). மகனுக்கு அந்த வரியைத்தான் காட்டினேன். அந்த வீட்டு மாமிதான் இடம்பெயர்ந்த வழியில் தம்பியைத் தோளில் தூக்கி வந்தவர். அவருடைய செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை.

2022இல் இலங்கையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. அனுப்புகிறவர்களுக்கு லாபம்தானே என்று இங்கே சிலர் சொன்னார்கள். ஊரில் பால்மா விலை இரண்டு மடங்காகி, மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். அம்மா கூட்டிக் கேட்கவில்லை. நானே மாதம் 50 பவுண்ஸ் கூட்டினேன். இங்கேயும் காஸ், கரண்ட் விலை ஏறிய நேரம் அது. சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன்.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வயது 81. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் கண் ஒப்பரேஷன். எவ்வளவு முடியும் என்று சொல்லத் தங்கச்சி தயங்கினாள். முழுச் செலவும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட்ஹாம், லண்டன்